விசில் கைமாறிய காலை

இன்று காலை பக்கத்து வீட்டு நாய் என் பூசணிக்கொடியின் அடியைக் கிண்டிப் போட்டுவிட்டது. நேற்று சூடைமீன் வெட்டிய தலையையும் குடலையும் நான்தான் அங்கே மண்ணுக்குள் தாட்டிருந்தேன். ஈரமண்ணும் மீனும் கலந்த அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. இந்த வயதில், நீ அன்று செய்த அதே மோட்டு வேலையை நானும் செய்திருக்கிறேன், பார். உடனே உன்னிடம் சொல்லவேண்டும் போலிருந்தது. உன் ஊர் சல்லிக்குப் போகும் யாரிடமாவது சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அதற்குப் பிறகுதான், போன மாதம் உன் செத்தவீட்டுக்குப் போய்வந்தது நினைவுக்கு வந்தது.

வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில் எங்கள் துறைமுகத்தில் குண்டு விழுந்து, பள்ளிக்கூடத்தைப் பூட்டி, பட்டணத்துச் சனமெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருடம் அது. அரிசிக்கு அவ்வளவு தட்டுப்பாடு. எங்கள் ரீச்சர் பட்டணத்துக்கு வெளியே கன்னியாப் பக்கத்தில் யாரிடமோ ஒரு காணியைக் கேட்டு வாங்கி, வளர்ந்த பெண்பிள்ளைகள் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் திறக்கும்வரை நாங்களே தோட்டம் செய்து, நாங்களே சமைத்து, எங்களை நாங்களே நடத்திக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. நான் பட்டணத்தில், ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோர் உத்தியோகத்தரின் மகள். மண்வெட்டியைத் தொட்டே அறியாதவள். நீ சல்லிக் கடற்கரைப் பிள்ளை. என் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'ஹில்காரி' என்று முதல் நாளே பெயர் வைத்துவிட்டாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் தண்ணீர் இறைப்பதில் எங்களை வழிக்குக் கொண்டுவந்தவளும் நீதான். ஆளுக்கொரு வாளியுடன் முட்டி மோதிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாய். கரைவலை இழுக்க ஆள் நிறுத்துவதுபோல, கிணற்றடியிலிருந்து பாத்தி வரை வரிசையாக நிறுத்தினாய். பட்டணத்துப் பிள்ளை ஒன்று, சல்லிப் பிள்ளை ஒன்று என்று மாற்றி மாற்றி நிறுத்தினாய். வாளி கைமாறிப் போகப் போகக் கதை வந்தது, கதை வரச் சிரிப்பு வந்தது. அதுவரை எங்கள் பிள்ளைகள் ஒரு பக்கமும் உங்கள் பிள்ளைகள் ஒரு பக்கமுமாகத்தான் சாப்பிட்டோம். அந்தக் கிழமை முடியுமுன்பே உன்னைத் தலைவியாக்கினோம். ரீச்சர் உன் கழுத்தில் விசிலைக் கட்டிவிட்டார். விமானச் சத்தம் கேட்டால் தலைவி ஊத வேண்டும், ஊதினால் எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓட வேண்டும். எங்கள் உயிரே அந்த விசிலில்தான் இருந்தது.

பிறகு உன் அப்பா சைக்கிளில் மீன் கொண்டுவந்தார். மீன் வெட்டிய குசினிக் கழிவு முழுவதையும் நீ கொண்டுபோய்ப் பூசணிக் குழிகளில் தாட்டுவிட்டாய். சல்லியில் தென்னைக்கு அப்படித்தான் செய்வார்களாம். கடற்கரையில் அது சரி. கன்னியாக் காட்டில் நரி சும்மா இருக்குமா? விடிந்து பார்த்தால் பாத்தி முழுக்கக் கிண்டிக் கிடந்தது. நாங்கள் வாளி வாளியாக ஊற்றி வளர்த்த கன்றுகள் வேர் தெரியக் கிடந்து வாடின. சிலர் அழுதார்கள். எங்கள் பட்டணத்துப் பிள்ளை ஒருத்தி, "இதுகளைச் சேர்த்தால் இப்பிடித்தான்" என்றாள். அத்தனை நாள் சேர்ந்து சாப்பிட்டதெல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விடும் போலிருந்தது.

யார் செய்தது என்று ரீச்சர் கேட்டு முடிக்கவில்லை, நீ முன்னுக்கு வந்துவிட்டாய்.

"நான்தான் ரீச்சர். ஒருத்தரையும் கேளாமல் தாட்டனான். கேளாமல் செய்தவள் இதை வைச்சிருக்க ஏலாது."

சொல்லிக்கொண்டே விசிலைக் கழற்றினாய். ரீச்சர் எவ்வளவு சொல்லியும் நீ திரும்ப வாங்கவில்லை. பிள்ளைகள் என்னைக் காட்டினார்கள். என் வாய் பெரியதல்லவா, அதைவிட வேறு தகுதி எனக்கு இருக்கவில்லை. நீயே வந்து என் கழுத்தில் முடிச்சுப் போட்டாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. இனி என்னோடு கதைக்கமாட்டாய் என்றே நினைத்தேன்.

அதே கிழமை, வரிசையில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது விமானச் சத்தம் கேட்டது. விசிலை வாயில் வைத்தேன். மூச்சு வரவில்லை. கால் மண்ணோடு ஒட்டிப்போய்விட்டது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், சத்தம் கிட்டக் கிட்ட வருகிறது. அப்போது என் முதுகில் ஒரு கை பட்டது. ஈரக் கை.

"ஊதடி, ஹில்காரி. நான் பின்னால நிக்கிறன்."

ஊதினேன். எல்லோரும் ஓடினார்கள். கடைசியாக நானும் நீயும் குழிக்குள் விழுந்தோம். வந்தது எதிரி அல்ல, வெள்ளைக்காரனின் சொந்த விமானம். சீனக்குடா விமானத்தளப் பக்கம் இறங்கிப் போனது. ஒருத்தி வாளியோடேயே ஓடிவந்து எங்கள் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டாள். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. நான் மட்டும் வெட்கத்தில் குறுகிப்போய் உன் காதில் கேட்டேன், விசிலைப் பறித்து நீயே ஊதியிருக்கலாமே என்று.

"நான் ஊதியிருந்தால், நாளைக்கு உன்ர விசிலுக்கு ஒருத்தியும் ஓடமாட்டாள்" என்றாய்.

உயிர் போகிற நேரத்தில் உனக்கு எப்படி அது தோன்றியது? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எனக்கென்றால் தோன்றியிருக்காது.

மீன் தாட்ட அந்தக் குழிகளிலேயே மறுபடி நட்டோம். காய் அப்படிக் காய்த்தது. அதை வைத்து நீ அடித்த பெருமை இருக்கிறதே, பேரப்பிள்ளை கண்ட பிறகும் நீ விடவில்லை.

போன மாதம் உன் வீட்டில் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது, உன் மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கையில் அரிசி. கால் எடுக்கவில்லை. சுற்றிலும் நின்றவர்கள் அவள் பெயரைச் சொல்லி வா வா என்கிறார்கள். அவள் கை அரிசியை வாங்கித் தானே போடட்டுமா என்று ஒருத்தி என்னிடம் கேட்டாள். வேண்டாம் என்றேன். பின்னால் போய் அவள் முதுகில் கையை வைத்தேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அம்மாவும் இப்பிடித்தான் கை வைப்பா" என்றாள். பிறகு உன்னிடம் நடந்து வந்தாள்.