மாங்காய்க் காலம் முடிவதற்குள்

பங்குனி 18

விடியும்போதே வெக்கை. கணவாய்க் காற்றும் சூடாகத்தான் வருகிறது. இரண்டாம் அறுப்பு முடிந்து வயல் வெடித்துக் கிடக்கிறது. கிணற்றோரம் வெள்ளரி மட்டும் பச்சை.

இன்றைய வேலை: கோடைத் துணி எடுத்தது. சுங்குடி நாலு, வாயில் சேலை ரெண்டு. மினுமினுப்பு எல்லாம் பரணுக்கு. மருந்து ஏற்றிய பிறகு தோல் எதையும் தாங்குவதில்லை. பருத்தியிலும் பழசு, துவைத்துத் துவைத்து மெலிந்தது, அதுதான் சுகம்.

மகள் பெங்களூரிலிருந்து அனுப்பிய விக் பெட்டியோடு அலமாரியில். நல்ல முடி, என் பழைய முடியைவிட அடர்த்தி. ஒருநாள் வைத்துப் பார்த்தேன். அடைக்கோழியைத் தலையில் உட்கார வைத்த மாதிரி. வேண்டாம். தோர்த்து போதும். வயலில் எல்லாரும்தான் தலைக்குத் துண்டு கட்டுகிறார்கள்.

ஊரில் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி மாசங்கள் முழுக்கக் கோயமுத்தூரில் தம்பி வீட்டில் இருந்ததாகச் சொல்லி வைத்திருக்கிறார் இவர். திரும்பி வந்த அன்று பக்கத்துத் தோட்டத்து லதா வேலியோரம் நின்று என் தலையைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"பழனிங்களாக்கா?"

"ஆமா."

சாயங்காலத்துக்குள் ஊருக்கே நான் பழனியில் மொட்டை போட்டவள். கேட்காமலே கிடைத்த பொய். புருவமும் கொட்டித்தான் இருந்தது, மையால் வரைந்திருந்தேன். பழனியில் புருவத்தையுமா எடுக்கிறார்கள்? நல்லவேளை, லதாவுக்கு அந்த யோசனை ஓடவில்லை. பாவம், போன வருஷம் அக்காவைப் பறிகொடுத்தவள். வயிற்றுவலி என்றார்கள்.

மறைப்பது வெட்கத்தால் இல்லை. வந்து உட்கார்ந்து உச்சுக்கொட்டுவார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். தாய்க்கு வந்தது மகளுக்கும் வருமாமே என்று ஒருத்தி வாயைத் திறந்தால் போதும்.

பங்குனி 20

நுங்கு. இவரே சீவி, தோலுரித்து, கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார். வாயில் ஈரம் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

மருந்து முடிந்தும் நாக்கு திரும்பவில்லை. சோறு, குழம்பு, காப்பி, எல்லாம் தகரம். டாக்டரம்மா "வந்துரும், அவசரப்படாதீங்க" என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

சாவு பயம்கூட ஒரு மாதிரி அடங்கிவிட்டது. இது அடங்கவில்லை. மாங்காய்க் காலம் முடிவதற்குள் ருசி வந்தால் பிழைத்தேன், வராவிட்டால் இல்லை என்று மனசு தானாக ஒரு பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறது. முட்டாள்தனம். தெரிந்துதான் எழுதுகிறேன். மழை பிடித்தால் பழத்தில் புழு. அதற்குள்.

வந்தால் தின்ன வேண்டியது: கிணற்றடி மரத்துப் பழம், கையில் ஒழுக ஒழுக. கம்மங்கூழும் சின்ன வெங்காயமும். வெள்ளரிப் பிஞ்சு, மிளகாய்ப்பொடி. பதநீர். லதா வீட்டுச் சம்பாரம்.

கடைசிச் சாமான் மட்டும் தினமும் வருகிறது. இஞ்சி, பச்சைமிளகாய், நாரத்தை இலை தட்டிப் போட்ட மோர், தூக்குப்போசி நிறைய. இவர் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார்.

"ஏம்புள்ள, கடலையே கரைச்சுக் கொண்டாந்திருக்கறாளா? இப்பிடிக் கரிக்குது!"

கல்யாண வீட்டில் உப்புப் பார்க்க லதாவைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு என்ன ஆயிற்றோ. எனக்கென்னவோ அதுதான் கொஞ்சமாவது மோர் மாதிரி இருக்கிறது. குடித்தேன்.

பங்குனி 24

வெயில். டெய்லர் கடை. லதாவும் கூட வந்தாள்.

ரவிக்கைக்கு மஞ்சள் பருத்தித் துணி எடுத்தேன், கொன்றைப் பூ மஞ்சள். கறுத்த மேலுக்கு மஞ்சள் எடுக்காது என்று அம்மா சொல்லிச் சொல்லி இத்தனை வயது வரை அரக்கும் பச்சையுமாகவே போயிற்று. இனி யாருக்காக?

தொளதொளவென்று தைக்கச் சொன்னேன். டெய்லருக்கு மனசு வரவில்லை.

"புடிச்சுத் தெச்சாத்தானுங்க இப்ப ஸ்டைலு."

"வேர்க்கறது எனக்குத்தானுங்க."

இடது பக்கம் உள்ளே நானே ஒரு பஞ்சுத் துணி வைத்துத் தைத்துக்கொள்வேன். அது டெய்லருக்கு வேண்டாத சங்கதி.

திரும்பும்போது ரேஷன் கடை வாசலில் சரோஜா பிடித்துக்கொண்டாள். "பழனிக்குப் போயிட்டு வந்து ஒரு துளி பஞ்சாமிர்தம் கண்ணுல காட்டலீங்களே!" லதா சட்டென்று, "எனக்குக் குடுத்தாங்களே. நாந்தான் அத்தனையும் தின்னுபோட்டேன்" என்றாள்.

நான் எங்கே கொடுத்தேன்? வேறு யாரோ கொடுத்ததை என் பேரில் சேர்த்துவிட்டாள் போல. மறதிக்காரி. நமக்கு நல்லதாயிற்று.

பங்குனி 29

கிணற்றடி மரத்தில் முதல் பழம். வாசனை வீடு முழுக்க இருக்கிறதாம். கழுவி, காம்பு கிள்ளி, பால் வடியவிட்டு, எல்லாம் முறையாகச் செய்துவிட்டுக் கடித்தேன்.

தகரம்.

வெறும் தகரமாக இருந்தாலும் பரவாயில்லை, வழவழவென்று தகரம். துப்பிவிட்டேன். இவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"விடு புள்ள. அடுத்த வருசம் காய்க்காமயா போகுது?"

அடுத்த வருசம் என்று அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது. மனுஷன் பதறிப்போய் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். ஏற்கெனவே காட்டியாயிற்று.

சம்பாரம் வந்தது. குடித்தேன். சாயங்காலம் ரவிக்கையும் வந்தது.

சித்திரை 1

கனி பார்த்தோம். தட்டில் கொன்றைப் பூ, பழுத்த வெள்ளரி, மாங்காய், புது வேட்டி, பின்னால் கண்ணாடி. கண்ணைத் திறந்ததும் பூ தெரியவில்லை, என் தலைதான் தெரிந்தது. குஞ்சுக்கோழி மாதிரி மென்மயிர். கீழே மஞ்சள் ரவிக்கை. ஒன்று சொல்ல வேண்டும், மஞ்சள் எனக்கு எடுக்கிறது. அம்மாவுக்குத் தெரியாமல் போயிற்று.

வேப்பம்பூப் பச்சடியில் லேசாகக் கசந்த மாதிரி இருந்தது. நிஜமா, ஆசையா? யாரிடமும் சொல்லவில்லை.

சித்திரை 4

ராத்திரி கோடைமழை, காற்றோடு. கிணற்றடி முழுக்க மாங்காய் உதிர்ந்து கிடந்தது. பெருக்கப் போனவள் ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்துக் கடித்தேன், சும்மா.

புளிப்பு! பல் கூசி, ஒரு கண் மூடி, காது வரைக்கும் இழுத்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே நின்று முழு மாங்காயையும் தின்றேன். பிறகு இன்னொன்று. சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

மதியம் லதாவின் சம்பாரம். ஆசையாக ஒரு மடக்கு குடித்தேன். விழுங்க முடியவில்லை. உப்பு. அப்படி ஓர் உப்பு. இவர் சொன்னது அத்தனையும் சரி.

தூக்குப்போசியைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். கல்யாண வீட்டில் உப்புப் பார்க்கிறவள். நான் கொடுக்காத பஞ்சாமிர்தத்தைத் தின்றவள். பழனிங்களா என்று முதலில் கேட்டது யார்?

வேலிக்குப் போனேன். தோர்த்து கட்டவில்லை. லதா மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"லதா, நாளையிலிருந்து உப்பைக் கொறைச்சுப் போடு."

கையிலிருந்த புல்லைக் கீழே போட்டாள். "வந்துருச்சுங்களாக்கா?"

தலையாட்டினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வேர்வையைத் துடைப்பவள் மாதிரி.

"எங்கக்காளுக்கும் அப்பிடிப் போட்டாத்தானுங்க எறங்கும்."

வயிற்றுவலி என்று அவர்கள் ஊருக்குச் சொன்னார்கள். நானும் போய் உட்கார்ந்து உச்சுக்கொட்டிவிட்டு வந்தேன்.

மீதி மோரைக் கொட்ட மனசில்லை. தண்ணீர் விடாமல் அப்படியே குடித்தேன்.