நீ பார்க்காத கோயிலுக்கு என் சம்மதம்

என் ரோசிக்கு,

நீ இருக்கும் இடத்தில் வெயில் குறைவு என்று நம்புகிறேன். இங்கே செங்கல்பட்டில் நம் பைப்புக் கடை ஷட்டரைத் தொட்டால் கை பொசுங்குகிறது. கல்லாவில் உன் நாற்காலி அப்படியேதான் இருக்கிறது. நான் அதில் உட்காருவதில்லை. உயரம் எனக்குச் சரிப்படவில்லை என்று கேட்பவர்களிடம் சொல்லிவைக்கிறேன்.

சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது. விஷயம் இதுதான். நம் மகள் ஷைனி என்னிடம் ஒரு சம்மதம் கேட்டு நிற்கிறாள். அது உன்னைப் பற்றியது. சரி என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. வியாபாரத்தில் எனக்கு இப்படி ஆனதே இல்லை.

பெங்களூரில், அமெரிக்காவிலிருந்து வந்த உங்கள் மார்மன் சபைக்குக் கோயில் எழும்பிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கூடுகிற கட்டடம் வேறு, கோயில் வேறு. கூடுகிற இடத்துக்கு நானே உன்னை வண்டியில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன், வாசலில் இருந்தவர்கள் என்னையும் உள்ளே வா என்றுதான் கூப்பிட்டார்கள். கோயில் அப்படி இல்லை. சபையில் சேர்ந்து, பெரியவர்கள் பேசிப் பார்த்து அனுமதி கொடுத்தவர்கள்தான் அதற்குள் போகலாம். உள்ளே கழுவுதல், எண்ணெய் பூசுதல், கடவுளுக்கு வாக்குக் கொடுத்தல், கடைசியாகக் குடும்பத்தைச் சாவுக்கு அப்பாலும் சேர்த்துவைக்கிற முத்திரைச் சடங்கு.

நீ அந்தச் சபைக்குப் போனதே அந்தக் கடைசிச் சடங்குக்காகத்தான். உன் அண்ணன் மகள் கல்யாணத்தில் பாதிரியார் 'மரணம் பிரிக்கும் வரை' என்றபோது என் காதில் என்ன சொன்னாய்? "சாவு வரைக்கும்தானா? இன்னா கஞ்சத்தனம் இது!" நான் சிரித்ததில் முன் பெஞ்சு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அப்போது இந்தியாவில் கோயில் இல்லை, ஹாங்காங் போக வேண்டியிருந்தது. ஷைனி படிப்பு முடியட்டும் என்றாய். சிறுசேரியில் அவளுக்கு வேலை கிடைத்த வருஷம் நீ படுக்கையில் விழுந்தாய். கோயிலில் போட்டுக்கொள்ள நீ தைத்துவைத்த வெள்ளை உடுப்பு, நீலம் போட்டு மடித்தபடி பீரோவிலேயே இருக்கிறது.

அந்தக் கோயிலில் செத்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர்கள் நின்று சடங்கு செய்வார்களாமே. அவளும் உன்னோடு சபையில் சேர்ந்தவள்தானே. முதலில் தனக்குச் செய்துகொண்டு, அப்புறம் உனக்குப் பதிலாக நிற்கப் போகிறேன் என்கிறாள் ஷைனி. அதற்கு மிக நெருங்கிய உறவின் சம்மதம் வேண்டும். பெண்டாட்டிக்கு நெருங்கிய உறவு புருஷன்தான் என்று உங்கள் சபையும் ஒத்துக்கொள்கிறது, பார்.

"உடுப்பு எனக்குக் குட்டைப்பா. ஆனா அம்மா உள்மடிப்பு நிறைய விட்டிருக்காங்க, பிரிச்சுவிட்டா சரியாயிடும்" என்று பீரோவைத் திறந்துவிட்டாள். நான்தான் "இருடி, யோசிக்கணும்" என்று மூடினேன்.

உன் அண்ணன் கல்பாக்கத்திலிருந்து சேதி கேட்ட மறுநாளே வந்துவிட்டார். டீயைக்கூடத் தொடவில்லை. "இன்னா மச்சான் இது? எங்க சர்ச்சுல ஞானஸ்நானம் வாங்கி, எங்க கல்லறையில தூங்கிகினு கீறா என் தங்கச்சி. அவளை எழுப்பி இன்னொரு லைனுக்கு மாத்துவீங்களா?"

"நான் இன்னும் சரின்னு சொல்லல மச்சான்."

"வேணாம்னும் சொல்லல இல்ல? பைப்பு விக்கிறவனுக்கு எல்லாமே கனெக்‌ஷன்தான்!"

கோபத்திலும் அவருக்கு வாய் மட்டும் குறைவதில்லை. டீ ஆறிப்போனது. நான்தான் குடித்தேன்.

நாலு இடத்தில் விசாரிக்காமல் பைப்பு வளைவுக்குப் போடுகிற ஒரு எல்போகூட வாங்காதவன் நான், உனக்குத் தெரியும். விசாரித்தேன். அங்கேதான் குழப்பம் ஆரம்பம்.

மாமல்லபுரத்தில் நாம் வாடகைக்கு விடுகிற அறையில் அமெரிக்கக்கார அம்மா ஒருவர் தங்கியிருந்தார். வயசானவர். கடற்கரையில் தொப்பி விற்றுக் கற்றுக்கொண்ட என் இங்கிலீஷ் அவருக்குப் போதுமானதாக இருந்தது. மார்மன் கோயில் தெரியுமா என்றேன். சிரித்தார். "எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் நாங்களும் அவர்களும் ஒரே வீடு" என்றார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். சபையை ஆரம்பித்தவரைக் கொன்றுவிட்டார்கள். அதற்கப்புறம் பெரிய கூட்டம் மேற்கே போய்விட்டது. உன் சபை அந்த வழி. போகாமல் தங்கியவர்களில் ஒரு கிளை இந்த அம்மாவுடையது. அவர் உயிரோடு இருந்தபோது முதன்முதலில் கட்டிய கோயிலில் கழுவுவது, எண்ணெய் பூசுவது, ஒருவர் காலை ஒருவர் கழுவுவது, அவ்வளவுதானாம். அடுத்த ஊருக்குப் போனபிறகுதான் மற்றதெல்லாம் சேர்ந்தது. மேற்கே போனவர்கள் அதைக் கையோடு கொண்டுபோனார்கள். தங்கிய கிளை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. அவர்கள் கோயிலில் மூடிய கதவு கிடையாது, யாரும் போய் உட்கார்ந்து சமாதானத்துக்கு ஜெபம் பண்ணலாம். செத்தவர்களுக்கு ஞானஸ்நானமும் இல்லை, முத்திரையும் இல்லை.

"அப்போ புருஷன் பெண்டாட்டி செத்த பிறகு?" என்றேன்.

"கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டோம்" என்றார்.

இதைக் கேட்டால் நீ என்ன சொல்லியிருப்பாய்? "பில்லு இல்லாத சரக்கு" என்றிருப்பாயோ?

உங்கள் கிளைக்குள்ளேயே சடங்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது ரோசி. உள்ளே நடப்பதை விவரமாகப் பேசுவதில்லை என்று நீ சொல்லியிருக்கிறாய். ஆனால் எதெது மாறியது என்று சபையே கொஞ்சம் சொல்லியிருக்கிறது, விட்டுப் போனவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். முன்பு ஆட்கள் நின்று நடித்துக் காட்டிய ஆதாம் ஏவாள் கதை இப்போது படமாக ஓடுகிறதாம். பயமுறுத்துகிற மாதிரி இருந்த சைகைகளை எடுத்துவிட்டார்களாம். ஒரு கட்டத்தில் பெண்கள் முகத்தை மூடுவார்களாம், இப்போது இல்லை. புருஷனுக்குக் கீழ்ப்படிவதாகப் பெண் வாக்குக் கொடுக்கிற இடம் ஒன்று இருந்ததாம், அதையும் மெதுவாக மாற்றி, இப்போது அவளே நேராகக் கடவுளுக்குக் கொடுக்கிறாளாம். நீ எனக்குக் கீழ்ப்படிவதாக வாக்கா? நம் கடையில் யாருக்கு யார் கீழ்ப்படிந்தது என்று பஜாருக்கே தெரியும்.

இன்னும் சில சின்னக் கூட்டத்தார், பழைய வார்த்தையில் ஒன்றைக்கூடத் தொடக் கூடாது என்று தனியாகப் போய்விட்டார்களாம். நாங்கள் வைத்திருப்பதுதான் அசல் என்கிறார்கள்.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. மாற்றியது சரி என்றால் முதலில் இருந்தது தப்பா? தப்பு என்றால் அதைச் செய்துகொண்டு செத்தவர்கள் நிலை என்ன? முதலில் இருந்தது சரி என்றால் ஏன் மாற்றினார்கள்? கம்பெனி பைப்பின் திக்னஸை மாற்றினால் டீலருக்குச் சொல்லும். கடவுள் யாருக்குச் சொன்னார்?

ஒன்று மட்டும் நெஞ்சில் குத்தியது. ரொம்ப காலம் கறுப்பினத்து ஜனங்களை உங்கள் கோயில் சடங்குகளுக்கு விடவில்லையாம். அதைப் படித்ததும் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கப்பா எங்கள் ஊர் அம்மன் கோயிலைக் கடைசிவரை ரோட்டில் நின்றுதான் கும்பிட்டார். என் பெண்டாட்டியை இன்னொரு அந்த மாதிரி வாசலுக்கா அனுப்புவேன்?

ஷைனி ஆபீஸ் வண்டியை விட்டு இறங்கி வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்பா. அம்மாவுக்கும் தெரியும்."

"அவ என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொன்னா நீ அனுப்பியிருக்க மாட்டே. தெரிஞ்ச அன்னைக்கு அம்மா ரொம்ப அழுதாங்க. ரெண்டு ஞாயிறு சபைக்கே போவல. அப்புறம் புடவையைக் கட்டிகினு கிளம்பிட்டாங்க. 'தப்பு பண்ணிட்டு திறந்த கதவுடி. திறந்தப்புறமும் நான் வெளிய நின்னா, மூடினவனுக்குத்தான் ஜெயம்'னாங்க."

அந்த ரெண்டு ஞாயிறும் உனக்குத் தலைவலி என்று நான் தைலம் தேய்த்துவிட்டேனே ரோசி. இவ்வளவு பெரிய விஷயத்தை உள்ளே வைத்துக்கொண்டா படுத்திருந்தாய்?

மகளிடம் கடைசியாகக் கேட்டேன். "நீ போய் நின்னு செஞ்சுட்டா, அவளுக்கு அது கட்டாயமா?" உன் அண்ணன் கோபம் எனக்கும் கொஞ்சம் இருந்தது. செத்தவள் வாய் திறக்க மாட்டாள் என்று நம் இஷ்டத்துக்குச் செய்துவிடலாமா?

"இல்லப்பா" என்றாள். "நாம செஞ்சு குடுப்போம், அவ்வளவுதான். ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் அங்க அவங்க இஷ்டம்னுதான் சபையில சொல்லிக்குடுத்தாங்க. வேணாம்னா வேணாம்."

இதை ஏன் யாரும் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை? லோடு வந்தால் பிரித்துப் பார்க்காமல் நீ இறக்கவிட்டதே இல்லை. வளைந்த பைப்பு ஒன்று இருந்தால் போதும், டிரைவர் தலையில் அடித்துக்கொண்டாலும் வண்டியைத் திருப்பி அனுப்புவாய். அப்படிப்பட்டவள் வாசலுக்குப் பழையதோ புதியதோ எந்தச் சடங்கு வந்தால்தான் என்ன?

என் குழப்பம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். எந்தக் கிளை அசல் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த அமெரிக்கக்கார அம்மாவின் திறந்த கதவும் மனசுக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. உன் அண்ணன் இன்னும் போனை எடுப்பதில்லை. ஆனால் பீரோவைத் திறந்து உடுப்பை ஷைனி கையில் கொடுத்துவிட்டேன். சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது வாசலில் உட்கார்ந்து உள்மடிப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். உன் தையல் பிரிய மாட்டேன் என்கிறது.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். கோயிலைப் பிரதிஷ்டை பண்ணிக் கதவை மூடுவதற்கு முன்னால், யார் வேண்டுமானாலும் உள்ளே நடந்து பார்க்கக் கொஞ்ச நாள் விடுவார்களாம். நான் போகிறேன். பன்னிரண்டு எருதுச் சிலைகள் சுமக்கிற பெரிய ஞானஸ்நானத் தொட்டி ஒன்று உண்டாம், அதற்குத் தண்ணீர் எங்கிருந்து ஏறுகிறது, என்ன பைப்பு போட்டிருக்கிறான் என்று பார்க்கிறேன். குடும்பங்களைச் சேர்த்துவைக்கிற அறையில், உன் இடம் எது, என் இடம் எது என்று பார்த்துவைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறேன். அப்புறம் ஷைனி போவாள்.

சரக்கைப் பிரித்துப் பார். பிடிக்கவில்லையா, தயங்காமல் திருப்பி அனுப்பு, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். பிடித்திருந்தால் எனக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவை. உயரம் எப்படி இருந்தாலும் உட்கார்ந்துகொள்கிறேன்.

சாவு வரைக்கும் என்று நிறுத்திக்கொள்ளத் தெரியாத
உன் வீட்டுக்காரன்,
முருகேசன்