புதினாப் பச்சைப் படை

ராயபுரம், திருப்பூர்
27.05.2021

மதிப்பிற்குரிய பிரிசில்லா மேடம் அவர்களுக்கு,

உங்களுக்கு நான் கடிதம் எழுதுவதே அதிகப்படிதான், மன்னிக்க வேண்டும். போன் செய்திருக்கலாம். இரண்டு முறை உங்கள் எண்ணை எடுத்துவிட்டு அழைக்காமல் வைத்துவிட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. நம் கம்பெனியில் நிறையப் பேருக்கு அப்படித்தான்.

நான் டாக்குமென்டேஷனில் பேக்கிங் லிஸ்ட் டைப் செய்யும் ஷாஹிதா. ஏசிக்கு நேர் கீழே, துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே, அந்தப் பெண்.

ஊரடங்கு என்று சொன்ன சனிக்கிழமை, உங்கள் சாம்பிள் அறையில் இருக்கும் லேபிள் பெட்டியை எடுத்துப் போய் வீட்டிலிருந்தே பட்டியல் தயார் செய்யும்படி மேனேஜர் சார் சொன்னார். நான் அவசரத்தில் வேறு பெட்டியை எடுத்து வந்துவிட்டேன். திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் நாற்பது சிப்பாய்கள். ஒரு இன்ச் உயரம்தான். சிலர் குதிரைமேல். கூடவே ஆறு பெயின்ட் பாட்டில், இரண்டு பிரஷ். எல்லாவற்றுக்கும் மேலே, நிற மாதிரிகள் ஒட்டிய ஒரு ஷேடு கார்டு. அதில் உங்கள் கையெழுத்தில், சிவப்பு மையில், "அப்ரூவல் 28 மே".

குழந்தை உடுப்போடு இலவசமாகக் கொடுக்கும் பொம்மைக்கு சாம்பிள் போல என்று நினைத்தேன். தேதி தாண்டினால் உங்களைத்தானே கேட்பார்கள். அதனால் நானே அடித்துவிட்டேன். நாற்பதும் தயார். இருபது பேருக்குப் புதினாப் பச்சை, மற்றவர்களுக்கு பேபி பிங்க், வெண்ணெய் மஞ்சள், வெளிர் ஊதா என்று கார்டில் இருக்கும் நான்கு ஷேடும் வந்திருக்கிறது. பச்சைதான் பாடாய்ப் படுத்திவிட்டது. கல்லூரியில் வாங்கிய துணிப் பெயின்ட்டைக் கலந்து ஆறாவது முறைதான் பிடிபட்டது.

அத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. சாயப் பட்டறையில் இருபத்தாறு வருடம் நின்றவர், மூச்சு வாங்க ஆரம்பித்ததால் வேலையை விட்டவர். "நா சாயத்துல நின்னது பத்தாதா கண்ணு? படிக்க வெச்சு ஏசில உக்கார வெச்சா, நீ ஊட்டுக்குள்ளயே கலர் கலக்கறே" என்றார். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். என் ஐடி கார்டை அவர் பக்கத்து வீட்டுக்கெல்லாம் எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறார்.

கம்பெனி வேனில் ஹாஸ்டலுக்கு மளிகை ஏற்றி வரும் தவசி அண்ணனிடம் இக்கடிதத்தையும், பார்வைக்கு ஒரு சிப்பாயையும், ஷேடு கார்டையும் கொடுத்திருக்கிறேன். சரியில்லை என்றால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.

பணிவுடன்,
அ. ஷாஹிதா

*

வீரபாண்டி
29.05.2021

ஷாஹிதா,

உன் கடிதத்தை முதல் தடவை படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அவ்வளவு கோபம். இரண்டாம் தடவை படித்துவிட்டுக் கட்டிலில் விழுந்து சிரித்தேன். மேல்வீட்டுக்காரி கதவைத் தட்டி, "மேடம், நல்லாத்தான இருக்கீங்க?" என்றாள்.

அது சாம்பிள் இல்லை, பிள்ளே. என் சொந்தச் சிப்பாய்கள். கம்பெனி விலாசத்துக்குக் கூரியரில் வரவழைத்தேன். அந்த ஷேடு கார்டு பாப்பா சூட் ஆர்டருக்கானது, எப்படியோ பெட்டிக்குள் விழுந்திருக்கிறது. அவர்கள் இருநூறு வருடத்துக்கு முந்தைய பிரெஞ்சுப் படை. அடர் நீலக் கோட்டுப் போட்டுத் துப்பாக்கி பிடித்துச் சண்டைக்குப் போகிறவர்கள். நீ அவர்களுக்குத் தொட்டில் துணி நிறத்தை அடித்து வைத்திருக்கிறாய்.

எட்டு வருடத்துக்கு முன்பு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் டேபிள்மேல் பொம்மைகளை வைத்து அளந்து அளந்து நகர்த்திக்கொண்டிருந்தார். போர் விளையாட்டாம். காலாட்படை ஆறு இன்ச், குதிரை பன்னிரண்டு இன்ச். சுட்டால் பட்டதா இல்லையா என்று பகடை சொல்லும். இன்ச் டேப் வைத்து ஆடுகிற ஆட்டம் என்றதும் எனக்குப் பிடித்துவிட்டது. நாசரேத்தை விட்டு வந்து பதினாறு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்தால் அப்புறம் எனக்கு வேறு சோலி கிடையாது. இரண்டு பக்கத்தையும் நானே ஆடுவேன். ஜெயிப்பதும் நான்தான், தோற்பதும் நான்தான்.

போனது போகட்டும். பச்சை அடித்த இருபது பேரில், வந்த ஒருவன் போக மற்றவர்களை எனக்கு அனுப்பு, அப்படியே இருக்கட்டும். மீதி இருபது பேருக்கு நீலம் அடித்து நீ வைத்துக்கொள். எந்த நீலம் என்று காட்ட ஒரு துண்டுத் துணி இணைத்திருக்கிறேன். பேட்டர்ன் அட்டையில் நாலடிக்கு நாலடி களம் வரைந்து அனுப்பியிருக்கிறேன், என்னிடமும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. என் படைக்குப் பதிலாக உன் களத்தில் பட்டன் வைத்துக்கொள். கடிதத்திலேயே ஆடுவோம்.

இரண்டு விஷயம். நீ அனுப்பிய சிப்பாயைக் கார்டு பக்கத்தில் வைத்து ஜன்னலில் பார்த்தேன். டையிங்கில் இருந்து மூன்று தடவை வந்தும் நான் ரிஜெக்ட் செய்த பச்சை அது. உனக்கு வந்திருக்கிறது.

இன்னொன்று. லேபிள் பெட்டி வாசல் ரேக்கில் இருந்தது. என் பெட்டி அறையின் கோடியில், ஷேடு பார்க்கும் லைட் பாக்ஸுக்குக் கீழே இருந்தது. அங்கே உனக்கு என்ன வேலை?

பிரிசில்லா

*

ராயபுரம்
02.06.2021

அன்புள்ள பிரிசில்லா மேடத்துக்கு,

திட்டுவீர்கள் என்று தவசி அண்ணன் கொடுத்த கவரை மதியம் வரை பிரிக்கவில்லை. பிரித்ததும் நானும் சிரித்தேன். அம்மா ஓடி வந்து பார்த்தார்கள்.

களம் எங்கள் முன்னறையில் பாதியை எடுத்துக்கொண்டது. வயலுக்கு அத்தாவின் பழைய பனியன், மரத்துக்குப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஞ், கோட்டைக்கு நூல் கோன். தம்பி முதஸ்ஸிர் ஆன்லைன் வகுப்பைக் காதில் மாட்டிக்கொண்டே ஆற்றுக்கு பாலிபேக் வெட்டித் தந்தான். அம்மா பெருக்கும்போது, "உன்ற பட்டாளத்தக் கொஞ்சம் நகத்து, தூசி தட்டோணும்" என்கிறார்கள். நகர்த்தினால் ஆட்டம் கெட்டுவிடும் என்றேன். இப்போது களத்தைச் சுற்றிப் பெருக்குகிறார்கள்.

ஒரே சிக்கல் பகடை. "சூதாடறதெல்லாம் நம்மூட்டுக்குள்ள வேண்டாம்" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் தவசி அண்ணனைக் கேட்டுக்கொண்டேன். இரண்டு பேருக்கும் அவரே வேன் போனட்டில் உருட்டி, விழுந்த எண்ணைக் கவரின் மூலையில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். "ஏனுங்க பாப்பா, இருவது வருசமா வண்டி ஓட்றேன், இப்பத்தான் ஒரு பொறுப்பான வேல குடுத்திருக்கறீங்க" என்றார்.

இந்த ஊரடங்கில் நேரம் போவதே தெரியவில்லை. ஊரே கஷ்டத்தில் இருக்கும்போது இப்படிச் சொல்லக் கூடாதுதான். தெருவில் மெஷின் சத்தமே இல்லை. அந்த அமைதியில் ஒரு சிப்பாய்க்குக் காலர் அடித்து முடிக்க அரை மணி ஆகிறது. இதுவரை பன்னிரண்டு பேருக்கு நீலம் அடித்தாகிவிட்டது. உங்கள் பச்சைப் படையை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

என் முதல் நகர்வு: காலாட்படை பதினாறு பேரும் நூல் கோனுக்குப் பின்னால். குதிரைகள் நான்கும் அவர்களுக்குப் பின்னால்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பிறகு பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஷாஹிதா

*

வீரபாண்டி
06.06.2021

அன்புள்ள ஷாஹிதாவுக்கு,

தவசி கவரைக் கொடுக்கும்போதே, "மேடம், உங்க பச்சைக்கு ஆறு விழுந்திருக்குதுங்க. ஆனா சுடறதுக்கு எதிர்த்தாப்ல ஆளே இல்லீங்க" என்றார். என் ஆறு வீணாய்ப் போனது. பிரித்துப் பார்த்தால் இருபது பேரும் ஒரு நூல் கோனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள். சண்டைக்கு வந்தாயா, மழைக்கு ஒதுங்கினாயா? இப்படியே இருந்தால் ஊரடங்கு முடிந்தாலும் இந்தப் போர் தொடங்காது. நீ தோற்க மாட்டாய், சரி. ஆனால் ஆட்டத்திலும் இருக்க மாட்டாய்.

என் நகர்வு: பச்சைப் படை ஆறு இன்ச் முன்னால், ஆற்றங்கரை வரைக்கும். நாலு பேர் பீரங்கிக்குப் பக்கத்தில். பீரங்கி என்றது உடைந்த பாபினை.

ஒரு சேதி. எனக்கு உதவியாக இருந்த ஜோதிகாவுக்குச் சங்கரன்கோவிலில் கல்யாணம் முடிவாகிவிட்டது. இனி வரமாட்டாளாம். இந்த நேரம் பார்த்து, பத்து சதவீத ஆட்களோடு சாம்பிள் வேலையை மட்டும் நடத்திக்கொள்ளலாம் என்று அனுமதி வந்திருக்கிறது. பாஸ் எடுப்பதற்கான பெயர்ப் பட்டியலை வியாழக்கிழமை காலைக்குள் கொடுக்க வேண்டும். ஜோதிகா இடத்துக்கு யாரைப் போடுவது என்று மேனேஜர் கேட்கிறார். தனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான், நாளைக்கே வேலைக்கு வருவான் என்கிறார். தவசியிடம் அவனுக்கு ஒரு துணியைக் கொடுத்தனுப்பி, போனில் என்ன நிறம் என்று கேட்டேன். "புளூ மேடம்" என்றான். அது சாம்பல்.

பார்க்கலாம், இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. மறந்துவிடுவேன் என்று நினைக்காதே. ரிஜெக்ட் செய்த துணியையே மூன்று வருடம் ஞாபகம் வைத்திருப்பவள் நான்.

மேடம் என்று எழுதாதே. நூல் கோனுக்குப் பின்னால் ஒளிகிறவர்கள் என்னை அக்கா என்று கூப்பிடலாம்.

பிரிசில்லா

*

ராயபுரம்
08.06.2021

அன்புள்ள அக்காவுக்கு,

இருபது பேருக்கும் நீலம் அடித்தாகிவிட்டது. அதில் ஒரு சண்டை நடந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் பாட்டில் தீர்ந்துபோய் இரண்டாவது முறை நீலம் கலந்தேன். பழையதையும் புதியதையும் துணியில் தடவிக் காயவைத்தேன். அத்தா பின்னால் நின்று பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான், அடி" என்றார். இல்லை, புதியதில் கொஞ்சம் சிவப்பு ஓடுகிறது என்றேன். "எங்கிட்டயே சொல்றயா? நீ பொறக்கறதுக்கு முன்னாலயே நா நீலம் எறக்குனவன்" என்றார். நான் வழக்கமாக அதோடு நிறுத்திவிடுவேன். அன்று என்னவோ, "மாடிக்குக் கொண்டு போய்ப் பாருங்கத்தா" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு படியேறினார். வெயிலில் நீட்டிப் பிடித்து, மடித்து, திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தார். இறங்கி வந்து என்னைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போய் அம்மாவிடம், "அமீரு, உன்ற மக சொன்னது நெசந்தான். செவப்பு ஓடுது" என்றார். நான் அந்த நீலத்தைக் கொட்டிவிட்டு மறுபடி கலந்தேன்.

நேற்று தவசி அண்ணன் வந்தபோது அத்தா வாசலில் இருந்தார். அண்ணன் பகடையை உருட்டிக்கொண்டே, "ஏனுங்க பாய், சாம்பிளுக்கு ஆள் தேடறாங்களாமா. பிரிசில்லா மேடத்துக்கு ஒருத்தரும் சரிப்பட்டு வர்றதில்லீங்க" என்றார்.

அத்தா, "அது நின்னுக்கிட்டே பாக்கற வேலைங்களே. துணித் தூசி வேற" என்றார்.

"தூசி இருக்குதுங்க. ஆனா சாயத் தண்ணி இல்லீங்க, ஆவி இல்லீங்க" என்றார் தவசி அண்ணன்.

நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்கள் கவரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

இன்று காலை டீ குடிக்கும்போது அத்தா டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்த ரெண்டு நீலத்தையும் அந்தம்மாவுக்கு அனுப்பிக் காட்டுனியா கண்ணு?" இல்லை என்றேன். "காட்டு" என்றார். எழுந்துபோய் முதஸ்ஸிரிடம் ஆற்றுக்குப் பாலம் கிடையாதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு துண்டையும் இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். என் கைப்பையில் எப்போதும் கட்டிங் வேஸ்டில் பொறுக்கிய துணித் துண்டுகள் இருக்கும். என் மேஜைமேல் இருக்கும் டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துண்டு, உங்கள் லைட் பாக்ஸில் வைத்தால் வேறு வேறாகிவிடும். அதைப் பார்க்கத்தான் கோடி வரைக்கும் வந்தேன். அன்றைக்கு மட்டும் இல்லை அக்கா. இரண்டு வருடமாக, நீங்கள் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து வருகிறேன். ஜோதிகா அக்காவுக்குத் தெரியும். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அன்று யாரோ வரும் சத்தம் கேட்டது. கைக்கு எட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

ஏசி அறையை விட்டால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அத்தா யாரிடமாவது ஐடி கார்டைக் காட்டும்போது இனி கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும். அதையும் யோசித்துவிட்டேன்.

என் நகர்வு: குதிரைகள் நான்கும் நூல் கோனை விட்டு வெளியே வருகின்றன. முழுதாகப் பன்னிரண்டு இன்ச், உங்கள் பீரங்கிக்கு நேர் எதிரே. காலாட்படை பின்னாலேயே வருகிறது. பகடை எப்படி விழுந்தாலும் சரி.

இன்னும் ஒன்று இருக்கிறது. சாம்பிளில் எனக்கு இடம் கிடைக்குமா என்று முதல் கடிதத்திலேயே எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். வியாழக்கிழமை கொடுக்கும் பட்டியலில், ஜோதிகா அக்கா இடத்தில், என் பெயரை எழுதுவீர்களா அக்கா?

அன்புடன்,
ஷாஹிதா