உன்மேல் போர்த்திய கொடி

உன் உடம்பின்மேல் அவர்கள் கட்சிக்கொடியைப் போர்த்தினார்கள். அது தவறு. நீ வேண்டாமென்று உதறிய கொடி அது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

இன்று திருச்சுழியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் புது பிளக்ஸின் வாடை மூக்கில் ஏறியது. நிமிர்ந்து பார்த்தால் நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். பக்கத்தில் நம் எம்.எல்.ஏ. கைகூப்பியிருக்கிறார். மறுபடி தேர்தல் வருகிறது. ‘கட்சி கடந்த ஒற்றுமை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வெயிலில் அங்கேயே நின்றுவிட்டேன். உன் முகத்தைப் பார்க்க எத்தனையோ நாளாக ஆசை. அதற்கு அவர் பிளக்ஸ்தானா கிடைத்தது?

அப்போதெல்லாம் நீ அவர் கட்சி, நான் எதிர்க்கட்சி. ஆனாலும் ஐப்பசி மழைக்கு முன் வரத்துக்காலில் சீமைக்கருவேலம் வெட்டப் போகிறவர்கள் கரைவேட்டி கட்டக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வழியில் கட்சிக்கு வேலையில்லை. நீ எனக்கு முன்னால் வெட்டிக்கொண்டு போவாய்.

“ஏலே, ஒங்க கொடிக்கம்பம் மாதிரி வெறச்சு நிக்காத. குனிஞ்சு வெட்டுலே!”

“ஒங்க தலைவரு மாதிரி கும்பிட்டுக்கிட்டே வெட்டணுமாக்கும்?” என்பேன். சிரித்துச் சிரித்து அரிவாளைக் கீழே போட்டுவிடுவாய்.

போன தேர்தலில் அவர் நம் ஊர் மந்தையில் உன் கையையும் என் கையையும் சேர்த்து உயர்த்திப் பிடித்தார். “ஜெயிச்ச மறுநா நான் கட்சிக்காரன் இல்ல, ஒங்க எல்லாருக்கும் வேலைக்காரன்” என்றார். நீ நம்பினாய். ஊர் நம்பவில்லை, எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டது. அவர் ஜெயித்தார். பொக்லைன் வந்தது. அவருக்கு ஓட்டுப் போட்ட மேலூரிலிருந்து பாலம்வரை வரத்துக்காலைத் தோண்டிவிட்டுத் திரும்பிப் போனது. பாலத்துக்குக் கீழே, தண்ணீர் போகும் பக்கம், நம் ஊர்.

நீ என்னையும் இழுத்துக்கொண்டு அவரிடம் போனாய். அவர் உனக்கு டீ கொடுக்கச் சொல்லிவிட்டு, “அண்ணே, ஒங்க ஊரு பூத்துல நமக்கு என்ன விழுந்துச்சு? அங்க வேல செஞ்சா நம்ம ஆளுகளே மொகம் சுழிப்பாக” என்றார்.

நீ டம்ளரைத் தொடவில்லை. “நான் ஒங்களுக்குத்தான போட்டேன்? என் வயலும் பாலத்துக்குக் கீழதான் கெடக்கு. எனக்கு மட்டும் தனியாத் தண்ணி விடுவீகளா?”

திரும்பும் பஸ்ஸில் பரளச்சி நெருங்கும்போது சொன்னாய். “இனி எனக்குக் கரைவேட்டி கெடையாது. செத்தாலும் வெறும் வேட்டிதான் போத்தணும். நீ பாத்துக்கலே.”

நீ செத்த அன்று பார்த்துக்கொள்ளத்தான் வந்தேன். கொடியை எடுக்கக் கை நீட்டிய என்னை, “பெருசு, நீங்க அந்தக் கட்சி. தள்ளி நில்லுங்க” என்று ஒதுக்கினார்கள். எம்.எல்.ஏ. உன் தலைமாட்டில் நின்று ஒற்றுமை பேசினார்.

எங்கள் ஆள் ஜெயித்திருந்தால் மட்டும் என்ன? நம் பக்கம் தோண்டிவிட்டு மேலூரை விட்டிருப்பார். ஒற்றுமை பேசி ஓட்டு வாங்கியவர்களில் கட்சியைத் தாண்டி வந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. தாண்டியவன் நீ. நீயோ ஓட்டுக் கேட்டவன் இல்லை, போட்டவன்.

எம்.எல்.ஏ. அந்தப் பிளக்ஸிலிருந்து உன் படத்தை எடுக்க வேண்டும். பதவி முடிவதற்குள் பாலத்துக்குக் கீழே பொக்லைனை இறக்க வேண்டும். எங்கள் வேட்பாளர் மேலூருக்குப் போய், ஜெயித்தாலும் உங்கள் பங்கைக் கைவிட மாட்டேன் என்று அவர்கள் முகத்துக்கு முன் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என் ஓட்டு அவருக்கும் இல்லை. உன் மகன் வீட்டில் மடித்து வைத்திருக்கும் கொடியை அவர்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஊரார் மழைக்கு முன் அரிவாளோடு வர வேண்டும், கரையில்லாத வேட்டியில். உன் பங்கை நான் வெட்டுகிறேன். முதுகுதான் வளைய மாட்டேன் என்கிறது. குனியச் சொல்ல நீ இருக்க வேண்டும்.