மேலே வந்த மீனின் பயம்

இன்று காலை ஆய்வுகூடத்தில் புதுத் தொட்டியொன்றில் மீனை விட்டேன். விரல் நீளம்கூட இல்லாத வரிமீன். விட்டதும் அடிக்குப் போய் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. செவுள் மட்டும் படபடத்தது. நீ போன பிறகு இந்தப் பரிசோதனையை நான் தனியாகச் செய்வது இதுதான் முதல் தடவை.

இடம் புதிதென்றால் இந்த மீன்கள் பயத்தில் அடியிலேயே கிடக்கும். பதற்றம் தணிக்கும் மருந்து கலந்த தண்ணீரில் சற்று நேரம் வைத்தெடுத்தால், மெல்ல மெல்ல மேலே வரும். வவுனியாவில் நாம் இருவரும் ஆராய்ச்சி மாணவிகளாகச் சேர்ந்த புதிதில், முதல் மீன் அப்படி மேலே வந்தபோது, "பயம் போயிட்டுதடி!" என்று துள்ளினேன். நீ துள்ளவில்லை.

"மேல வந்ததெண்டு எழுது. பயம் போயிட்டுதெண்டு எழுதாத. அதை மீன் எங்களுக்குச் சொல்லேல்லை."

உனக்கு இதயத்தில் ஒப்பரேசன் என்று முடிவானதை என்னிடம் மட்டும்தான் சொன்னாய். ஒப்பரேசன் அன்று காலை, பதற்றம் குறைய உனக்கொரு குளிசை கொடுத்தார்கள். பெயரைக் கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்தோம். மீன்களுக்கு நாம் கொடுத்த அதே மருந்து. நீ சிரித்துவிட்டாய்.

"இனி என்னைத் தொட்டிக்குள்ள விட்டுப் பார், உடன மேல வருவன்."

தள்ளுகட்டிலோடு ஒப்பரேசன் அறைக் கதவுவரை நானும் வந்தேன். ஒப்பரேசன் முடிந்தும் நீ கண் திறக்கவில்லை.

போன கிழமை தர்மபுரத்துக்கு உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். பஸ் ஓமந்தையைத் தாண்டும்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். என்ன கேட்பாரோ, என்ன சொல்வேனோ. தேத்தண்ணியைத் தந்துவிட்டு எதிர்க்கதிரையில் இருந்தார்.

"பிள்ளை, உள்ளுக்குக் கொண்டுபோகேக்க அவள் பயந்தவளே?"

"இல்லை அம்மா. பகிடி விட்டுச் சிரிச்சுக்கொண்டுதான் போனவள்."

"பயம் போக ஏதோ குளிசை குடுத்தவையாம். அது வேலை செய்ததே?"

"ஓம் அம்மா."

அவர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

நீ சிரித்தது உண்மை. அதை அவருக்குக் கொடுத்துவிட்டேன். மற்றதை நானே வைத்திருக்கிறேன். கதவுவரை நீ என் விரல்களை நெரித்துப் பிடித்திருந்தாய். தாதி ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் உன்னை உள்ளே கொண்டுபோனார்.