சாம்பிராணிப் பதிவு

நிலா நூலகம், நான்காம் அறை. காலை 9.10
எழுதுவது முத்துப்பேச்சி, பூமியிலிருந்து வந்த நினைவுப் பதிவுகளைச் சரிபார்ப்பவள். மீன் சந்தை: காட்சி, ஓசை சரி. கையுறைக்குள் செதில் குத்துகிறது, அதுவும் சரி. வெல்லக் கொட்டகை: வாசம் மங்கல். குப்பி மாற்ற வேண்டும்.

10.25
அடுத்து வந்தது என் மகள் இசக்கியின் பதிவு. போன வருடம் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கு முன் நூலகத்துக்குக் கொடுத்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்த என் தலைக்குச் சாம்பிராணி போடுகிறாள். கொஞ்சம் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டும் என்பது விதி. நான் கொண்டையை அவிழ்த்து விரித்துப் போட்டு, தொடு கருவிக்குக் கீழே உட்கார்ந்தேன். அவள் விரல் முடிக்குள் போனது.
"அசையாத இரும்மா. சுட்டுக்கும்."

10.50
கதவு பூட்டிக்கொண்டது. சாம்பிராணி வாசத்தைத் தீ என்று எண்ணி, தீயணைப்பு இயந்திரம் அறைக் காற்றை உறிஞ்சுகிறது. குப்பியின் வாய் மூட மாட்டேன் என்கிறது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து தில்லைராஜ் பேசினான்.
"அக்கா, பதிவை அழிச்சாத்தான் குப்பி மூடும், வாசம் போனாத்தான் கதவு திறக்கும். காட்சி, சத்தம், தொடுறது எல்லாம் சேர்ந்து போயிரும்."
"வேற பிரதி இல்லையா தம்பி?"
"வாசத்துக்கு ஏதுக்கா பிரதி? உங்களுக்குத் தெரியாததா?"

11.15
தலை வலிக்கிறது. நாக்கு ஒட்டுகிறது.
"வெளிய வாங்கக்கா, என் கையால டீ போட்டுத் தரேன்."
"உன் டீயக் குடிக்கவா நான் வெளிய வரணும்?"
சிரித்தான். பிறகு மூக்கைச் சிந்துவது கேட்டது.

11.30
அழித்துவிட்டேன். கடைசியாக ஒரு தரம் அவள் பேசி முடிக்கும்வரை பொறுத்தேன்.

11.40
கதவு திறக்கவில்லை. புகை இருக்கிறது என்றே இயந்திரம் சொல்கிறது. துணியை மோந்து பார்த்தேன், இல்லை. முடியில் இருக்கிறது. விரித்துப் போட்டு உட்கார்ந்தேனே.
"முடிய வெட்டிக் கழிவுக் குழாயில போடுங்கக்கா. சீக்கிரம். கத்தரி மேசையிலதான் இருக்கு."

நேரம் பார்க்கவில்லை
கத்தரி கையில். எழுத்து கோணுகிறது. இதை எடுக்கிறவர்களே, தில்லைராஜ் மேல் தப்பில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான்.
முடியை மூக்கோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அவளுடையது என்று இனி இதுதான்.
வெட்டுகிறேன். கொஞ்சம் பொறுத்து.
அசையாமல்தான் இருக்கேன் இசக்கி. சுடல. இன்னும் கொஞ்ச