சிகரெட்டை அழித்த படம்

பிப்ரவரி 6, வெள்ளி
எடப்பாடி. காலையில் பனி, பத்து மணிக்கே வெயில். சினிமாவில் புகை, அதைப் பார்த்துப் பழகும் இளைஞர்கள்: ஞாயிறு பக்கத்துக்குக் கட்டுரை. பேச ஒத்துக்கொண்டிருந்த தறிக்காரர் செல்வராஜ் தொண்டைப் புற்றில் சென்ற மாதமே இறந்துவிட்டார். வாசலில்தான் தெரிந்தது. நாற்பது ஆகவில்லை. ஞாயிறு கருமாதி.

மனைவி கோமதி உட்காரச் சொன்னார். "பள்ளிக்கூடத்துல படிக்கையிலயே பழகிட்டாருங்க. அந்த நடிகர் பத்த வெக்கறாப்புலயே இவரும். அந்த ஸ்டைலப் பாத்துத்தானுங்க எனக்கே புடிச்சுப்போச்சு." பிறகு அழுகை.

பல்வலி மாத்திரை வாங்க மறந்தேன்.

பிப்ரவரி 7, சனி
ஃப்ளெக்ஸ் கடை. கண்ணீர் அஞ்சலி பேனர் வைப்பது செல்வராஜின் கூட்டாளி குமரேசன். அந்த நடிகரின் ரசிகர் மன்றத்துக்காரர். கோமதியும் வந்திருந்தார். ஆதார் படம் வேண்டாமாம், "திருடனாட்டம் இருக்குது." தெளிவான படம் இன்னொன்றுதான்: தியேட்டர் வாசல், அந்த நடிகரின் சினிமா வந்த முதல் நாள், குவிந்த உதட்டில் சிகரெட், அதைப் பிடித்த இரு விரல்.

"சிகரெட்டு வேண்டாமுங்கண்ணா. புள்ள பாக்கும். நாலாவதுதான் படிக்கறா."
"கெத்தே அதுலதான தங்கச்சி இருக்குது."
"அந்தக் கெத்துலதானுங்கண்ணா போய்ச் சேந்தாரு."

குமரேசன் வெளியே போனார். பற்ற வைத்தார்.

கடைக்காரர் சிகரெட்டை அழித்தார், புகையையும். விரலை அழித்தால் முகம் கெடும் என்றார். விரலும் உதடும் அப்படியே. கோமதிக்கு அரை மனது.

அலுவலகம் கேட்பது அழிக்காத படத்தை. அதுதான் கட்டுரையே என்கிறார்கள். தவறில்லை. குமரேசன் என் போனுக்கு அனுப்பிவிட்டார்.

பிப்ரவரி 8, ஞாயிறு
கருமாதி. காற்று. தெருமுனையில் பேனர் படபடக்கிறது. அதன் கீழே இரண்டு இளவட்டங்கள், உதட்டில் விரல் வைத்து செல்ஃபி. "மாமன் ஸ்டைலு ஒருத்தனுக்கும் வராதுடா."

செல்வராஜின் மகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். என்னிடம் காட்டினாள்.

"ஏனுங்க, எங்கப்பாவப் பாருங்க. எனக்கு முத்தம் குடுக்கறாரு."

கோமதி என் முகத்தையே பார்த்தார்.

"ஆமா சாமி," என்றேன்.

மாலை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கட்டுரை வரும், படம் கிடைக்கவில்லை.